செங்காதி விட்டுக்கொடுக்காத மூக்குத்திப் பூ

செம்மணல் தேரி ஒன்றில் செங்காதி என்ற முயலும், வரகி என்ற கௌதாரியும், ஒரு கொசுத்தேனீக் கூட்டமும் வாழ்ந்து வந்தன.

தேரி என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சிவப்பு மணல்தான். ஒரு நாள் காற்று பலமாக அடித்தால் மேடு பள்ளமாகிவிடும், பள்ளம் மேடாகிவிடும். அங்கே நிழல் தேடிப் போனால் முள் நிறைந்த உடைமரம்தான் கிடைக்கும்.

ஆனால் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் போதும்! மணலுக்குள் எங்கெங்கோ கிடந்த விதைகளெல்லாம் முளைத்துவிடும். தரையோடு தரையாகச் செடி படரும். செடி நிறைய மஞ்சள் பூக்கள் பூக்கும். மூக்குத்தி அளவு சின்னப் பூ என்பதால் அதற்கு மூக்குத்திப் பூ என்றே பெயர். இலை முயல்களுக்கு. விதை கௌதாரிகளுக்கு. தேன் தேனீக்களுக்கு. யாரும் யாரிடமும் கேட்டுத் தின்ன வேண்டியதில்லை.

பிறகு உறுமன் வந்தது.

உறுமன் ஒரு பெரிய காட்டுப்பன்றி. வந்த அன்றே தேரியில் இருந்த ஒரே ஊற்றில் இறங்கிப் படுத்துக்கொண்டது.

"இன்று முதல் இங்கே நான்தான் ராஜா! இந்த மணலில் முளைப்பதெல்லாம் என்னுடையது. நான் தின்றது போக மிச்சம் இருந்தால் உங்களுக்கு!" என்று உறுமியது.

அதன் கோரைப்பற்களைப் பார்த்து யாரும் வாய் திறக்கவில்லை.

முயல் இலையைக் கடித்தால் செடி மறுபடியும் தளிர்க்கும். பன்றி அப்படித் தின்னாது. மூக்கால் மணலைக் கிளறி, வேரைத் தோண்டித் தின்னும். அது போன இடத்தில் எதுவும் திரும்ப முளைக்கவில்லை. போதாக்குறைக்கு மழையும் பொய்த்தது. முயல்கள் உடைமரப் பட்டையைக் கொறித்தன. கௌதாரிகள் காய்ந்த எறும்புப் புற்றைக் கிளறின. உறுமன் தூங்கும் நேரம் பார்த்து ஊற்றின் ஓரச் சேற்றை நக்கி எல்லாம் உயிர் பிழைத்தன.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கொசுத்தேனீ ஒன்று செங்காதியின் காதருகே வந்து ரீங்காரம் செய்தது.

"ஒரு செடி இருக்கிறது! நம் புதருக்கு நடுவிலேயே இருக்கிறது!"

முயல்களும் கௌதாரிகளும் அப்போது உடைமரம் ஒன்றைச் சுற்றி மண்டிய பெரிய முள்புதருக்குள் குடியிருந்தன. முள்ளுக்குப் பயந்து வேறு யாரும் அதற்குள் வரமாட்டார்கள். அந்தப் புதரின் அடியில், வேருக்கும் மணலுக்கும் இடையில், மூக்குத்திப் பூச்செடி ஒன்று படர்ந்து கிடந்தது. அதில் மஞ்சளாக இரண்டு பூக்கள் விரிந்திருந்தன. மற்றவையெல்லாம் பூத்து முடித்து, விதை பிடித்து, தலையை இறுக மூடிக்கொண்டிருந்தன.

செங்காதியின் வாயில் எச்சில் ஊறியது. ஆனாலும் அது செடியைத் தொடவில்லை.

"இதில் யாரும் வாய் வைக்கக் கூடாது. தேரியில் இனி இருப்பது இது ஒன்றுதான்" என்றது.

தேனீ சொன்னது: "நாளைக்கு வெயில் நன்றாக ஏறினால் தலைகள் விரிந்துவிடும். ஒவ்வொரு விதைக்கும் பஞ்சுக் குடுமி இருக்கிறது. மேற்கே இருந்து கச்சான் காற்று வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதுவரை காப்பாற்றினால் போதும்!"

ஆனால் தேனீக்கள் அடிக்கடி புதருக்குள் போய் வருவதை வேறொரு கண்ணும் பார்த்துவிட்டது. அது வக்கணை என்ற நரியின் கண். உறுமனுக்கு அந்த நரிதான் மந்திரி.

வக்கணை ஊற்றுக்கு ஓடியது.

"ராஜா! தேனீ போகிறது என்றால் அங்கே பூ இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்!"

உறுமன் துள்ளி எழுந்தது. "இதோ, இப்போதே போய்த் தின்றுவிடுகிறேன்!"

"அவசரப்படாதீர்கள் ராஜா! அது உடைமுள். உங்கள் மூக்கு என்னத்துக்கு ஆகும்? அவர்களையே பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நாளைக் காலையில் செடி உங்கள் காலடியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள்."

நரிக்கு வேறு கணக்கும் இருந்தது. 'அந்தச் செடியும் போய்விட்டால் முயல்கள் எதை நம்பிப் புதருக்குள் கிடக்கும்? பசி தாங்காமல் வெட்டவெளிக்கு வந்துதானே ஆக வேண்டும்!' என்று நினைத்து நாக்கைச் சப்புக்கொட்டியது.

உத்தரவு புதருக்கு வந்து சேர்ந்தது. எல்லா முயல்களும் கௌதாரிகளும் நடுநடுங்கிவிட்டன.

"அரை நாள் தவணை கேட்டுப் பார்க்கலாம். நான் போகிறேன்" என்றது வரகி. அதன் பின்னால் மூன்று குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

வரகி பறந்து போய் உறுமன் முன்னால் தலை தாழ்த்தி நின்றது.

"ராஜா, செடியைத் தருகிறோம். நாளை உச்சிவேளைக்குத் தருகிறோம். அரை நாள்தான் கேட்கிறோம்!"

"அரை நாள்தானே?" என்று உறுமன் சோம்பலாகச் சொல்லத் தொடங்கியது.

நரி குறுக்கே பாய்ந்தது. "ராஜா! இன்றைக்கு அரை நாள் கேட்பவர்கள் நாளைக்கு அரைத் தேரியைக் கேட்பார்கள்!"

உறுமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முடியாது! சூரியன் தலைகாட்டும்போது செடி வர வேண்டும். வராவிட்டால் உங்கள் புதரையே பிடுங்கி எறிந்துவிடுவேன்!"

வரகி திரும்பி வந்தது. "கொடுத்துவிடலாம்" என்றது.

"ஆமாம், கொடுத்துவிடலாம்!" என்றன மற்றவை.

செங்காதி எழுந்தது. நேராகச் செடியின் முன்னால் போய் உட்கார்ந்தது.

"கொடுக்க மாட்டேன்!"

"உனக்குப் பைத்தியமா? அந்தப் பன்றியோடு நம்மால் மோத முடியுமா? எனக்குக் குஞ்சுகள் இருக்கின்றன, செங்காதி!" என்று வரகி கத்தியது.

"குஞ்சுகள் இருப்பதால்தான் சொல்கிறேன், அக்கா. இதைக் கொடுத்துவிட்டு நாளைக்கு அவற்றுக்கு எதைக் கொடுப்பாய்?"

"உயிரோடு இருந்தால்தானே நாளைக்கு!"

ஒரு கடா முயல் முன்னால் வந்தது. "எனக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் தூங்கிய பிறகு நீ மட்டும் இதைத் தின்னப் பார்க்கிறாய்!"

அந்தச் சொல் செங்காதியைச் சுட்டது. பட்டையைக் கொறித்துக் கொறித்து அதன் உதடு புண்ணாகியிருந்தது. அந்தப் புண் எல்லோருக்கும் தெரியும்படி தலையை நிமிர்த்தியது.

"வந்து பார்! இதில் ஒரே ஒரு இலையில் என் பல் பட்டிருந்தால், நானே பிடுங்கிக் கொடுக்கிறேன்."

கடா முயல் செடியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. ஒரு இலைகூடக் குறைந்திருக்கவில்லை. அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கியது.

யாரும் செங்காதிக்குத் துணையாக வரவில்லை. ஆனால் அதைத் தாண்டிச் செடியை எடுக்கவும் யாரும் வரவில்லை.

பொழுது விடிந்தது. உறுமன் மணல் அதிர வந்தது. பின்னால் வக்கணை வந்தது.

"எங்கே என் செடி?"

செங்காதி மட்டும் முள்ளுக்குக் கீழே ஊர்ந்து வெளியே வந்து, பன்றிக்கு எதிரே நின்றது. அதன் பின்னங்கால்கள் நடுங்கின. அந்த நடுக்கம் வெளியே தெரியாமலிருக்கக் காலைத் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டியது.

"செடி முளைத்த இடத்தில் இருக்கிறது" என்றது.

"கொண்டு வரச் சொன்னேனே!"

"கேட்டது. கொண்டு வரவில்லை."

உறுமனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நான் ராஜா!"

"யார் சொன்னது? நீ வருவதற்கு முன் இந்தத் தேரி பூத்தது. நீ வந்த பிறகு பூக்கவில்லை. நீ எதற்கு ராஜா? நீ தோண்டிப்போட்ட குழிகளுக்கா?"

புதருக்குள் ஒரு கௌதாரிக் குஞ்சு களுக்கென்று சிரித்துவிட்டது. வரகி அதைச் சிறகால் பொத்தியது.

"ஒரே ஒரு பூவுக்காகச் சாகப் போகிறாயா, முட்டாளே?" என்றது உறுமன்.

"ஒரு பூவா? அதற்குள் போய் வந்த தேனீயைக் கேட்டுப் பார்! பார்ப்பதற்குத்தான் அது ஒரு பூ. உள்ளே நூறு சின்னப் பூக்கள் நெருக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகத் தேன் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாக விதை பிடிக்கிறது."

"நூறா? அவ்வளவு சின்னதற்குள்ளா? எப்படி?" என்று உறுமன் தலையைச் சாய்த்தது.

செங்காதி அதைத்தான் எதிர்பார்த்தது. "சொல்கிறேன், பொறுமையாகக் கேள். வெளியே சுற்றி நிற்பவை முதலில் பூக்கும். அப்புறம் அதற்கு அடுத்த வரிசை. அப்புறம்..."

"ராஜா!" என்று நரி கூவியது. "இது பேச்சை வளர்க்கிறது! வெயில் ஏறுவதைப் பாருங்கள்! அதற்குத்தான் இது பேசிக்கொண்டிருக்கிறது!"

உறுமன் பாய்ந்தது. செங்காதி விலகி ஓடியது. இடப்பக்கம் துள்ளியது, வலப்பக்கம் திரும்பியது. கனத்த பன்றியின் கால்கள் இளகிய மணலில் முழங்கால்வரை புதைந்தன. ஒவ்வொரு முறையும் காலைப் பிடுங்கிக்கொண்டு அது ஓடுவதற்குள் முயல் அடுத்த மேட்டில் நின்று, "இங்கே இருக்கிறேன், ராஜா!" என்று கூப்பிட்டது.

ஆனால் நரிக்கு உடம்பு இலேசு. அது மேட்டைச் சுற்றிக் குறுக்கு வழியில் வந்து செங்காதியின் காதைக் கவ்விவிட்டது. செங்காதி பின்னங்காலால் நரியின் மூஞ்சியில் உதைத்து உதறிக்கொண்டது. காதில் பாதி நரியின் வாயிலேயே போய்விட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட ஓடிவந்து முயல் புதருக்குள் விழுந்தது.

"முயலை விடுங்கள் ராஜா! செடி! செடியைப் பாருங்கள்!" என்று நரி அலறியது.

உறுமன் திரும்பிப் புதரை முட்டியது. முள் குத்தியது. வலி பொறுக்காமல் கத்தினாலும் நிறுத்தவில்லை. கோரைப்பற்களால் உடைமரத்தின் வேரைத் தோண்டத் தொடங்கியது.

செங்காதி எழுந்து நிற்க முயன்றது. முடியவில்லை. ஊர்ந்துபோய்ச் செடியின் முன்னால் மறுபடியும் படுத்துக்கொண்டது.

வரகி அதைப் பார்த்தது. செம்மணலில் விழுந்த ரத்தத் துளிகளைப் பார்த்தது. தன் குஞ்சுகளை ஒரு வேரின் சந்தில் தள்ளியது.

"இங்கேயே இருங்கள்!" என்றது.

அடுத்த நொடி அது வெளியே சீறிப் பறந்து, உறுமனின் கண்களில் சிறகால் படபடவென்று அடித்தது.

"போ! எங்கள் புதரை விட்டுப் போ!"

ஒரு கௌதாரி சண்டைக்குப் போனதும் மற்ற கௌதாரிகளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அவையும் பறந்து வந்தன. முயல்கள் வரிசையாகத் திரும்பி நின்று பின்னங்கால்களால் மணலை வாரி அடித்தன. எல்லோருக்கும் முன்னால் அடித்தது அந்தக் கடா முயல்தான்! கொசுத்தேனீக்களுக்குக் கொடுக்கு கிடையாது. அதனால் என்ன? கூட்டமாக வந்து பன்றியின் காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் புகுந்துகொண்டன.

உறுமன் தும்மியது. தலையை உதறியது. கண்ணில் மணல், காதில் தேனீ, மூக்கில் முள்! இருந்தாலும் அது பலசாலி. கொஞ்சம் கொஞ்சமாக வேரை அறுத்துக்கொண்டு முன்னேறியது. கடைசியில் உடைமரம் மடாரென்று சாய்ந்தது. செடியின்மேல் வெயில் நேராக விழுந்தது.

அதுவரை மூடிக் கிடந்த தலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளே பஞ்சுக் குடுமியோடு விதைகள் நிமிர்ந்தன. அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்து விதைகளை அள்ளிக்கொண்டு கிளம்பியது.

உறுமன் செங்காதியை மூக்கால் தள்ளிவிட்டு, செடியை வேரோடு கவ்விப் பிடுங்கி ஓர் உதறு உதறியது. எஞ்சியிருந்த விதைகளும் கிளம்பிவிட்டன.

"ஜெயித்தேன்! செடி என் வாயில்!" என்று உறுமன் மென்றுகொண்டே கர்ஜித்தது.

வக்கணை அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெள்ளை வெள்ளையாக விதைகள் மேட்டுக்கு மேல் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"ராஜா... தோற்றுவிட்டோம்" என்றது மெல்ல.

"என்ன உளறுகிறாய்? இதோ, மெல்கிறேனே!"

"நீங்கள் மெல்வது வெறும் தண்டு! விதையெல்லாம் அதோ போகிறது! பிடியுங்கள் ராஜா, பிடியுங்கள்!"

உறுமன் விழுந்தடித்து ஓடியது. பறக்கும் பஞ்சைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இங்கே ஒரு கவ்வு, அங்கே ஒரு கவ்வு. வாய்க்குள் காற்றுதான் போனது. அண்ணாந்தபடியே ஓடியதால் மேட்டின் விளிம்பைக் கவனிக்கவில்லை. உருண்டு உருண்டு கீழே போய் விழுந்தது.

தேரியில் நெடுங்காலத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனால் அன்றோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. புதர் போய்விட்டது. முயல்களும் கௌதாரிகளும் சின்னச் சின்ன முள்செடிகளின் அடியில் சிதறி வாழ்ந்தன. உறுமனின் மூக்கு முள்பட்டு வீங்கிப்போனதால் அது தோண்ட வரவில்லை, ஊற்றிலேயே கிடந்தது. வெயில் மட்டும் விடவில்லை. வரகியின் மூன்று குஞ்சுகளில் ஒன்று அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

செங்காதி பாதிக் காதோடு வரகியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"என் மேல் கோபமா, அக்கா?"

வரகி மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு, "கோபம் இருக்கிறது. உன் மேல் இல்லை. முதல் நாள் அந்தப் பன்றி ஊற்றில் இறங்கிப் படுத்தபோது நாமெல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தோமே, அதன் மேல்தான்" என்றது.

ஐப்பசியில் மழை வந்தது. இடியோடு வந்து கொட்டித் தீர்த்தது. செம்மணல் முழுக்கக் குடித்தது. சில நாட்களில் மேட்டில், பள்ளத்தில், எல்லா இடத்திலும் மூக்குத்திப் பூச்செடி முளைத்தது. காற்று விதையை எங்கெங்கே போட்டதோ அங்கெல்லாம் மஞ்சள்! எந்தப் பன்றியாலும் தோண்டித் தீர்க்க முடியாத அளவுக்கு மஞ்சள்!

அப்போது வக்கணை வாலைக் குழைத்துக்கொண்டு வந்தது.

"செங்காதி, உனக்கு நல்ல சேதி! ராஜா பெரிய மனது பண்ணியிருக்கிறார். பூத்ததில் பாதியை நீங்கள் தின்றுகொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்!"

செங்காதி ஓர் இலையைக் கடித்தது. நரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்று விழுங்கியது.

"அனுமதியா? அதை யார் கேட்டது?"

"ராஜாவுக்குக் கோபம் வந்தால்..."

"வரட்டும்! இந்த முறை நான் தனியாக வெளியே வரமாட்டேன் என்று சொல்."

நரி திரும்பிப் பார்த்தது. முயல்கள் வரிசையாக எழுந்து நின்றன. கௌதாரிகள் சிறகை விரித்தன. வரகி எல்லோருக்கும் முன்னால் நின்றது. நரி ஊற்றுப் பக்கம்கூடத் திரும்பாமல், வேறொரு ராஜாவைத் தேடி அப்படியே வேறு காட்டுக்கு நடையைக் கட்டியது. மந்திரியும் இல்லாமல், பயப்பட ஆளும் இல்லாமல், உறுமன் எத்தனை நாள்தான் தனியாக உறுமிக்கொண்டிருக்கும்? அதுவும் ஒரு நாள் கிளம்பிப் போய்விட்டது.

செங்காதி அடுத்த இலையைக் கடித்தது.

வலியவர் மிரட்டுகிறார் என்று நாளைய வாழ்வைத் தூக்கிக் கொடுக்காமல் எதிர்த்து நிற்க ஒருவர் துணிந்தால், பயந்து கிடந்தவர்களுக்கும் துணிவு வரும். எல்லோரும் சேர்ந்து நின்றுவிட்டால் எந்த மிரட்டலும் பலிக்காது.